பந்தயத் தடத்தில் தானுந்துகளின் செயல்திறன் ஒப்பீடு

பந்தயத் தடச் செயல்திறன் என்பது, ஒரு தானுந்து மூடிய பந்தயத் தடம் ஒன்றை எவ்வளவு குறைந்த நேரத்தில் சுற்றி வருகின்றது என்பதைக் கொண்டு அளக்கப்படும் திறன் ஆகும். இரு தானுந்துகளில் எது விரைவானது என்ற கேள்விக்குப் பொதுவாக எஞ்சினின் குதிரைத்திறனையோ உச்ச வேகத்தையோ விடையாகக் கூறுவது வழக்கம். எனினும் வளைவுகள் நிறைந்த தடத்தில் இவை இரண்டும் முழு விடையாகா. டயரின் பிடிப்பு, எடை, பிரேக், காற்றியக்கவியல் வடிவமைப்பு, ஓட்டுநர், தட்பவெப்பம் ஆகிய யாவும் சேர்ந்தே சுற்று நேரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இரண்டு சுற்று நேரங்களை ஒப்பிடுவதற்கு முன், அவை எந்த நிலைமைகளில் எடுக்கப்பட்டவை என்பதை அறிவது இன்றியமையாதது.

தமிழ்நாட்டில் இத்துறையுடன் நெருங்கிய தொடர்புடைய நகரம் கோயம்புத்தூர் ஆகும். ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்துகளின் வடிவமைப்பு, பந்தயத் தடம், மாணவர் போட்டி ஆகிய மூன்றும் இங்கு உள்ளன. அமெரிக்க விளையாட்டுத் தானுந்துகளைப் பற்றிய புகழ்பெற்ற ஒப்பீடுகளையும் கோயம்புத்தூரில் உருவான பந்தய முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒப்பீட்டின் அடிப்படை எளிதில் விளங்கும்.

சுற்று நேரம்

தொடக்கக் கோட்டைக் கடந்து, தடத்தை ஒரு முறை சுற்றி, மீண்டும் அதே கோட்டைக் கடக்க ஆகும் நேரமே சுற்று நேரம் எனப்படும். இது ஒரு கூட்டுத்தொகை ஆகும். ஒரு சுற்றில் மூன்று வகையான பகுதிகள் உள்ளன:

1. எஞ்சினின் திறனால் வேகம் கூட்டப்படும் நேர்ப்பாதைகள்
2. வளைவுக்கு முன் வேகம் குறைக்கப்படும் பிரேக் பகுதிகள்
3. டயரின் பிடிப்பால் வேகம் வரையறுக்கப்படும் வளைவுகள்

இம்மூன்றில் முதல் வகைப் பகுதியில் மட்டுமே குதிரைத்திறன் நேரடியாகப் பயன்படுகின்றது. மற்ற இரண்டிலும் எவ்வளவு வலிய எஞ்சின் இருந்தாலும் அதனால் நேரடிப் பயன் இல்லை.

வளைவில் வேகம்

வளைவில் செல்லும் தானுந்துக்குத் தேவைப்படும் மையநோக்கு விசையை டயருக்கும் தரைக்கும் இடையேயான உராய்வு அளிக்கின்றது. சமதளமான வளைவு ஒன்றில் செல்லக்கூடிய உச்ச வேகத்தைக் கணிக்க, உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைக் காண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உராய்வுக் கெழு 1.0 எனில் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கி.மீ. ஆகும். மென்மையான பந்தய டயர்களைப் பொருத்தி உராய்வுக் கெழுவை 1.3 ஆக உயர்த்தினால், அதே வளைவில் மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் செல்லலாம். அவ்வளைவின் நீளம் 100 மீட்டர் எனக் கொண்டால், அதனைக் கடக்கும் நேரம் 5.8 விநாடியில் இருந்து 5.1 விநாடியாகக் குறையும்.

இக்கணக்கில் தானுந்தின் நிறை இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நிறை கூடினால் தேவைப்படும் விசையும் கூடும், கிடைக்கும் உராய்வும் அதே அளவில் கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். ஆயினும் உண்மையான டயர்கள் இவ்விதியை முழுமையாகப் பின்பற்றுவதில்லை. டயரின் மீதான சுமை கூடக் கூட, அதன் உராய்வுக் கெழு சிறிது குறைகின்றது. எனவேதான் ஒரே டயரில் ஓடும் இரு தானுந்துகளில் எடை குறைந்ததே வளைவில் முந்துகின்றது.

நேர்ப்பாதையில் திறனும் எடையும்

நேர்ப்பாதையில் முடுக்கத்தைத் தீர்மானிப்பது குதிரைத்திறன் மட்டும் அன்று. திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதமே ஆகும். இவ்விகிதம் கூடினாலும், நேரம் அதே அளவில் குறைவதில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வளைவை விட்டு வெளியேறி 400 மீட்டர் நேர்ப்பாதையில் செல்லும் இரு தானுந்துகளைக் கொள்வோம். காற்றுத்தடையைப் புறக்கணித்தால் கிடைக்கும் விடைகள் வருமாறு:

- கிலோகிராமுக்கு 80 வாட் திறனுள்ள தானுந்து: 11.8 விநாடி
- கிலோகிராமுக்கு 130 வாட் திறனுள்ள தானுந்து: 10.3 விநாடி

திறன் விகிதம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடியும், நேரம் ஏறத்தாழ 13 விழுக்காடே குறைந்துள்ளது. காற்றுத்தடையையும் கணக்கில் கொண்டால் இப்பயன் இன்னும் சுருங்கும். காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயர்வதே இதற்குக் காரணம். உச்ச வேகத்தை இருமடங்காக்க வேண்டுமெனில், திறனை எட்டு மடங்காக்க வேண்டும்.

விளம்பரங்களில் பெரிதும் காணப்படும் எண், நின்ற நிலையில் இருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம் ஆகும். கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாட்டா மோட்டார்சும் கூட்டாக உருவாக்கி, 2018-இல் வெளியிட்ட டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி ஆகிய இரண்டும் ஒரே 1.2 லிட்டர் டர்போ எஞ்சினைக் கொண்டவை. எடை குறைந்த டியாகோ இவ்வேகத்தைச் சற்று முன்னதாக எட்டும் என அறிவிக்கப்பட்டது. இது நேர்ப்பாதை முடுக்கத்தை மட்டுமே காட்டும் அளவாகும். வளைவிலும் பிரேக்கிலும் அவை எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை இதில் இருந்து அறிய இயலாது.

பிரேக்கும் காற்றியக்கவியலும்

மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் இருந்து 60 கி.மீ. வேகத்துக்குக் குறைக்க, உராய்வுக் கெழு 1.0 எனில் ஏறத்தாழ 74 மீட்டர் தேவை. கெழு 1.3 எனில் 57 மீட்டரே போதுமானது. இந்த 17 மீட்டர் வேறுபாட்டால் ஓட்டுநர் பின்னும் சிறிது தொலைவு முழு வேகத்தில் சென்ற பிறகே பிரேக்கை அழுத்தலாம். பந்தயத்தில் முந்திச் செல்லும் வாய்ப்புகள் பெரும்பாலும் இவ்விடங்களிலேயே கிடைக்கின்றன.

விமானத்தின் இறக்கை மேல்நோக்கிய விசையை உண்டாக்குவது போல, தானுந்தின் பின்புறத்தில் தலைகீழாகப் பொருத்தப்படும் இறக்கை கீழ்நோக்கிய விசையை உண்டாக்குகின்றது. இது நிறையைக் கூட்டாமல் டயரின் மீதான அழுத்தத்தைக் கூட்டுவதால் வளைவில் வேகம் உயரும். டாட்ஜ் வைப்பர் ஏசிஆர் தானுந்தின் இறுதித் தலைமுறையில், மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 900 கிலோ எடைக்கு நிகரான கீழ்விசை கிடைக்கும் என அதன் நிறுவனம் அறிவித்தது. தானுந்தின் எடை ஏறத்தாழ 1,500 கிலோ என்பதால், அவ்வேகத்தில் டயரின் மீதான சுமை 1.6 மடங்காகின்றது. எனினும் அதே இறக்கை காற்றுத்தடையையும் கூட்டி உச்ச வேகத்தைக் குறைக்கும். ஆகவே நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட தடத்திற்கு ஏற்ற இறக்கை அமைப்பு, வளைவுகள் மிகுந்த தடத்திற்குப் பொருந்தாது.

தடமும் தட்பவெப்பமும்

ஒரு தடத்தில் வென்ற தானுந்து மற்றொரு தடத்தில் தோற்பது இயல்பு. கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ஏறத்தாழ 2.1 கி.மீ. நீளம் கொண்டது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட தடம் 3.717 கி.மீ. நீளமும், நொய்டா பகுதியில் உள்ள புத் பன்னாட்டுத் தடம் 5.125 கி.மீ. நீளமும் கொண்டவை. குறுகிய தடத்தில் வலிய எஞ்சினுக்கு முழுத் திறனைக் காட்ட இடம் குறைவு. அங்கு எடை குறைந்த தானுந்து எளிதில் ஈடு கொடுக்கும்.

கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ள கோயம்புத்தூரில், அதே வெப்பநிலையில் சென்னையை விடக் காற்றின் அடர்த்தி 4 முதல் 5 விழுக்காடு குறைவாக இருக்கும். டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் ஏறத்தாழ அதே அளவில் குறையும். வெப்பநிலை 20 பாகையில் இருந்து 35 பாகையாக உயர்ந்தாலும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகின்றது. எனவே மார்கழிக் காலையில் எடுத்த நேரத்தையும் சித்திரை நண்பகலில் எடுத்த நேரத்தையும் ஒன்றாக வைத்து இரு எஞ்சின்களை மதிப்பிடுதல் பிழையாகும்.

கோயம்புத்தூரின் ஒற்றை இருக்கைத் தானுந்துகள்

இருங்காட்டுக்கோட்டைத் தடம் அமைவதற்கு முன், சென்னையை அடுத்த சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. அக்காலத்தில் வெளிநாட்டில் இருந்து தருவிக்கப்பட்ட விலையுயர்ந்த தானுந்துகளும், உள்ளூர்ப் பட்டறைகளில் மாற்றியமைக்கப்பட்டவையும் ஒரே களத்தில் ஓடின. வென்றது ஓட்டுநரா, தானுந்தா, அதனை வாங்கிய பணமா என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த பந்தய ஓட்டுநரும் வடிவமைப்பாளருமான எஸ். கரிவர்தன் இதற்கு ஒரு மாற்று வழியைக் கண்டார். நாடெங்கும் கிடைக்கக்கூடிய மாருதி 800 தானுந்தின் மூன்று உருளைகள் கொண்ட 796 சி.சி. எஞ்சினைப் பயன்படுத்தி, விலை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்தை அவர் உருவாக்கினார். 1988-இல் அறிமுகமான இவ்வகை ஃபார்முலா மாருதி எனப்பட்டது. மாருதி 800-இன் தொடக்க கால எஞ்சின் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. அதனைக் கொண்டு உலகத் தரத்திலான வேகத்தை எட்ட இயலாது. ஆனால் அனைவருக்கும் ஒரே வகை எஞ்சின், ஒரே வகைக் கட்டமைப்பு என்ற நிலையில், சுற்று நேரத்தில் காணப்படும் வேறுபாடு பெரும்பாலும் ஓட்டுநரின் திறனையும் தானுந்தைச் சீரமைக்கும் குழுவின் திறனையுமே காட்டும். திறன் குறைந்த எஞ்சினில் வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்பதும் அரிது. ஆதலால், வேகத்தை இழக்காமல் வளைவைக் கடக்கும் கலையை ஓட்டுநர் கற்றே ஆக வேண்டியிருந்தது.

கரிவர்தன் 1995-இல் வானூர்தி விபத்தில் காலமானார். அவரது நினைவாகவே செட்டிபாளையத் தடத்திற்கு கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது. 2010 வரையில் இந்தியாவில் இருந்து ஃபார்முலா 1 பந்தயத்தை எட்டியவர்கள் இருவர். கோயம்புத்தூரில் பிறந்து, 2005-இல் ஜோர்டான் அணியில் ஓடிய நாராயண் கார்த்திகேயனும், சென்னையைச் சேர்ந்த, 2010-இல் ஃபார்முலா 1-இல் அறிமுகமான கருண் சந்தோக்கும் ஆவர். இருவரும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதியில் ஓடியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஃபார்முலா மாருதிக்குப் பின்னர், கோயம்புத்தூரின் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரால் 1300 சி.சி. எஞ்சின் கொண்ட வகைகள் பந்தயத்திற்கு வந்தன. இவ்விரு தலைமுறைகளையும் ஒப்பிட்டால் எஞ்சின் கொள்ளளவு ஏறத்தாழ 1.6 மடங்கு உயர்ந்துள்ளது. திறனும் அதே அளவில் உயர்ந்ததாகவும், காற்றுத்தடை மாறாததாகவும் கொண்டால், மும்மடி விதிப்படி உச்ச வேகம் 18 விழுக்காடு வரையே கூடும். வளைவின் உச்ச வேகத்தில் எஞ்சினால் மாற்றம் எதுவும் நேராது. பழைய வகைக்கும் புதிய வகைக்கும் இடையே உள்ள சுற்று நேர வேறுபாட்டில் எஞ்சினின் பங்கு இவ்வளவே. எஞ்சியது டயர், கட்டமைப்பு, தொங்கல் அமைப்பு ஆகியவற்றின் பங்காகும்.

அமெரிக்க விளையாட்டுத் தானுந்துகள்

கோயம்புத்தூர் முறையில் தானுந்துகள் சமமாக்கப்பட்டு ஓட்டுநர்கள் ஒப்பிடப்படுகின்றனர். தானுந்து நிறுவனங்கள் செய்வது இதற்கு நேர்மாறானது; அவை தானுந்துகளை ஒப்பிடுகின்றன, ஆனால் ஓட்டுநர், நாள், டயர் ஆகியவை சமமாக இருப்பதில்லை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, செருமனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தில் அமெரிக்க நிறுவனங்கள் நிகழ்த்திய போட்டி ஆகும்.

2008-இல் 638 குதிரைத்திறன் கொண்ட செவ்ரொலே கார்வெட் இசட்ஆர்1 இத்தடத்தை 7 நிமிடம் 26.4 விநாடியில் சுற்றியது. அதே ஆண்டில் 600 குதிரைத்திறன் கொண்ட டாட்ஜ் வைப்பர் ஏசிஆர் 7 நிமிடம் 22.1 விநாடியில் சுற்றியது. திறன் குறைந்ததும், இறக்கையின் தடையால் உச்ச வேகம் குறைந்ததுமான வைப்பரே முந்தியது. 2011-இல் இசட்ஆர்1 மீண்டும் ஓடி 7 நிமிடம் 19.63 விநாடி எடுத்தது; வைப்பர் 7 நிமிடம் 12.13 விநாடி எடுத்தது.

இவற்றுள் மிகவும் பயனுள்ள ஒப்பீடு கார்வெட்டுக்கும் வைப்பருக்கும் இடையேயானது அன்று. 2008 கார்வெட்டுக்கும் 2011 கார்வெட்டுக்கும் இடையேயானது ஆகும். இரு முறையும் ஓட்டியவர் அந்நிறுவனப் பொறியாளரான ஜிம் மீரோ. எஞ்சினின் திறனும் மாறவில்லை. புதிய வகை டயர்களும் மேம்பட்ட இழுவைக் கட்டுப்பாடும் சேர்க்கப்பட்டதே முதன்மையான மாற்றம். 6.77 விநாடி குறைந்ததற்கு எஞ்சின் காரணம் அன்று என்பது இதனால் தெளிவாகின்றது. வைப்பரை 2008-இல் ஓட்டியவர் டாம் கொரொனெல், 2011-இல் ஓட்டியவர் டொமினிக் ஃபார்ன்பாக்கர். எனவே வைப்பர் பெற்ற 10 விநாடி முன்னேற்றத்தில் தானுந்தின் பங்கு எவ்வளவு, ஓட்டுநரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது.

2025-இல் இப்போட்டி ஃபோர்டு மஸ்டாங் ஜிடிடி, புதிய கார்வெட் ஆகியவற்றுக்கு இடையே தொடர்ந்தது. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட நேரங்கள் வருமாறு:

- கார்வெட் இசட்06: 670 குதிரைத்திறன், 7 நிமிடம் 11.826 விநாடி
- மஸ்டாங் ஜிடிடி: 815 குதிரைத்திறன், 6 நிமிடம் 52.072 விநாடி
- கார்வெட் இசட்ஆர்1: 1,064 குதிரைத்திறன், 6 நிமிடம் 50.763 விநாடி
- கார்வெட் இசட்ஆர்1எக்சு: 1,250 குதிரைத்திறன், 6 நிமிடம் 49.275 விநாடி

இசட்06 முதல் இசட்ஆர்1எக்சு வரை திறன் 87 விழுக்காடு உயர்ந்தது; நேரம் 5.2 விழுக்காடே குறைந்தது. மஸ்டாங்கை விட 249 குதிரைத்திறன் மிகுதியாகவும் எடை குறைவாகவும் உள்ள இசட்ஆர்1, 1.309 விநாடி மட்டுமே முந்தியது. மஸ்டாங்கை ஓட்டியவர் தொழில்முறைப் பந்தய ஓட்டுநரான டர்க் முல்லர். இசட்ஆர்1-ஐ ஓட்டியவர் அந்நிறுவனப் பொறியாளரான பிரையன் வாலஸ். ஏறத்தாழ 0.3 விழுக்காடு மட்டுமேயான இவ்வேறுபாட்டை வைத்து எத்தானுந்து சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது முறையாகாது. ஒரே ஓட்டுநர் ஒரே தானுந்தில் அடுத்தடுத்து ஓடும் சுற்றுகளிலும் இவ்வளவு வேறுபாடு தோன்றக்கூடும்.

தொலைவில் ஏற்படும் குழப்பம்

பழைய நேரங்களைப் புதிய நேரங்களுடன் ஒப்பிடுவதில் மற்றொரு சிக்கலும் உண்டு. முன்னர் நிறுவனங்கள் பெரும்பாலும் 20.6 கி.மீ. தொலைவுக்கே நேரம் அளந்தன. பார்வையாளர் மேடையை ஒட்டிய சிறு நேர்ப்பாதை இதில் சேராது. 2019 முதல் அதிகாரப்பூர்வ அளவு 20.832 கி.மீ. ஆகும். 2021-இல் போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் தானுந்துக்கு இரு அளவுகளும் வெளியிடப்பட்டன: குறைந்த தொலைவுக்கு 6 நிமிடம் 38.835 விநாடி, முழுத் தொலைவுக்கு 6 நிமிடம் 43.300 விநாடி. வேறுபாடு 4.465 விநாடி.

வைப்பர் ஏசிஆர் 2017-இல் ஆர்வலர்கள் திரட்டிய நிதியில் ஓடி எடுத்த 7 நிமிடம் 1.3 விநாடி பழைய அளவைச் சேர்ந்தது. அதனை 2025 இசட்06-இன் நேரத்துடன் ஒப்பிட, முதலில் ஏறத்தாழ 5 விநாடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வாறு கூட்டிய பின்னரும் 645 குதிரைத்திறன் கொண்ட வைப்பரே முன்னிலையில் உள்ளது. ஏறத்தாழ சம திறன் கொண்ட இவ்விரண்டில் வைப்பரின் மிகுந்த கீழ்விசை அதற்குப் பெருந்துணை ஆயிற்று எனலாம்.

முறையான ஒப்பீட்டுக்கான நிபந்தனைகள்

இரு தானுந்துகளை முறையாக ஒப்பிட விரும்புவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

- ஒரே தடம், ஒரே திசை, ஒரே அளவுத் தொலைவு
- ஒரே நாள். இயன்றவரை ஒரே வெப்பநிலை
- இரு தானுந்துகளையும் ஒரே ஓட்டுநர் மாறி மாறி ஓட்டுதல்
- டயரின் வகையையும் தேய்மானத்தையும் காற்றழுத்தத்தையும் பதிவு செய்தல்
- ஒரு சிறந்த சுற்றை மட்டும் கொள்ளாமல், பல சுற்றுகளின் சராசரியையும் பரவலையும் தருதல்
- சுற்று நேரத்துடன், தடத்தின் ஒவ்வொரு பகுதிக்குமான நேரத்தையும் தனித்தனியே தருதல்

இறுதி நிபந்தனை மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். மொத்த நேரம் எது விரைவானது என்பதை மட்டும் கூறும். பகுதி நேரங்களே அது ஏன் விரைவானது என்பதைக் கூறும். மேலும், இந்நேரங்கள் யாவும் எதிர்வரும் போக்குவரத்து இல்லாத மூடிய தடத்தில், தலைக்கவசமும் பாதுகாப்புக் கூண்டும் தயாராக நிற்கும் மீட்புக் குழுவும் உள்ள சூழலில் எடுக்கப்படுபவை. பொதுச்சாலையில் இவ்வகை ஒப்பீட்டுக்கு இடமில்லை.

மாணவர் போட்டிகள்

பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்த தானுந்துகளை ஒப்பிடும் ஃபார்முலா பாரத் போட்டி கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடத்தப்பட்டு வருகின்றது. எரி எஞ்சின், மின்னோட்டி ஆகிய இரு வகைத் தானுந்துகளும் இதில் இடம்பெறுகின்றன. இப்போட்டியின் அமைப்பே மேற்கூறிய கருத்துக்கு நல்ல விளக்கம் ஆகும். ஒரே சுற்று நேரத்தைக் கொண்டு வெற்றியாளரை முடிவு செய்யாமல், நேர்ப்பாதை முடுக்கம், எட்டு வடிவப் பாதையில் வளைவுத் திறன், ஒற்றைச் சுற்று, நெடுந்தொலைவு ஓட்டம், ஆற்றல் சிக்கனம் எனத் தனித்தனியே சோதிக்கின்றனர். வடிவமைப்புக்கும் செலவுக் கணக்குக்கும் தனி மதிப்பெண்கள் உண்டு.

எட்டு வடிவச் சோதனையில் டயரின் பிடிப்பை மாணவர்களே கணக்கிடலாம். ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகளின்படி அமையும் வட்டத்தில் தானுந்து செல்லும் பாதையின் ஆரம் ஏறத்தாழ 9.1 மீட்டர். ஒரு வட்டத்தை 5 விநாடியில் முடிக்கும் தானுந்தின் வேகம் மணிக்கு 41 கி.மீ. மட்டுமே, ஆனால் அதன் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் ஏறத்தாழ 1.5 மடங்காகும். மணிக்கு 41 கி.மீ. என்பது சரவணம்பட்டி வழியே சத்தியமங்கலம் செல்லும் பேருந்தும் எட்டக்கூடிய வேகம். அவ்வேகத்தை அத்துணைச் சிறிய வட்டத்தில் தக்கவைக்க இயல்வதே பந்தயத் தானுந்தின் சிறப்பு ஆகும்.